எல்லைக் கோட்டின் விலை

எங்கள் வைத்திக்குப்பத்திலிருந்து வடக்கே போனால், முத்தியால்பேட்டை தாண்டியதும் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. அப்பால் காலாப்பட்டு, மறுபடியும் புதுச்சேரி! 1954-இல் பிரெஞ்சுக்காரர் போனார்கள். அவர்கள் காலத்து எல்லை போகவில்லை.

பொறியியல் படிக்க விரும்பும் என் மகளுக்கு அந்தக் கோட்டின் விலை பெரிது. 1984-இல் தோன்றிய காலாப்பட்டு அரசுக் கல்லூரி இன்று பல்கலைக்கழகம், அங்கே புதுச்சேரிப் பிள்ளைகளுக்கென்று இடம் உண்டு, சம்பளமும் குறைவு. சென்னையிலோ அவள் வெளி மாநிலத்தாள். பெரும்பாலும் தனியார் கல்லூரியின் நிர்வாக இடமே கதி. விடுதிச் செலவு வேறு.

"சென்னைப் படிப்புக்கே மதிப்பு" என்கிறார் மைத்துனர். இருக்கலாம். ஆனால் அவளுக்குப் பின் ஒரு தம்பி இருக்கிறானே! அக்காளின் மதிப்புக்குத் தம்பியின் படிப்பை விலையாகக் கொடுப்பது நியாயமாகுமா?

காலாப்பட்டே என்று தீர்மானித்தோம். இடம் கிடைத்தால், உள்ளூர்ப் படிப்புக்காக அவள் தினமும் அயல் மாநிலத்தைக் கடந்து போவாள். அதற்குச் செலவு பஸ் கட்டணந்தான்!