தேக்கு நிற்கும் இடம்

கோட்டையூரில் மலை கிடையாது. கண்மாய்க் கரையில் ஏறி நின்று பார்த்தால் உயரமாகத் தெரிவதெல்லாம் கோயில் கோபுரமும் வீடுகளின் முகப்பும்தான். மலை வேண்டுமென்றால் குன்றக்குடி. அங்கேயும் முருகனைக் கும்பிட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குள் இறங்கிவிடுவோம். காட்டுக்குள் போய் ராத்திரி தங்குவதை எங்கள் வீட்டில் யாரும் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

ஆனால் வெளியூரில் தங்கத் திட்டம் போடுவது எங்களுக்குக் கைவந்த கலை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடி குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று போகும். எந்த ஊரில் இறங்குவது, எங்கே பானகம், எங்கே சோறு என்பதெல்லாம் பல தலைமுறைக்கு முன்பே முடிவாகிவிட்டது. காசிக்குப் போனாலும் நகரச் சத்திரம் இருக்கிறது. போகிற இடத்தில் வீட்டை உண்டாக்கிக்கொள்வது எங்கள் வழக்கம். காட்டுப் பயணத்துக்கு அந்த வழக்கம்தான் பெரிய இடைஞ்சல் என்பது திட்டம் போட உட்கார்ந்தபோது தெரிந்தது.

முதலில் ஆசை காட்டியவன் பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி மகன். "பெரியப்பச்சி, இதைப் பாருங்க" என்று கைபேசியை நீட்டினான். கொடைக்கானல் பக்கம் ஏதோ தோட்டத்துச் சரிவில் வரிசையாக ஆரஞ்சு நிறக் கூடாரங்கள், நடுவில் தீ, பக்கத்தில் ஆளுயர ஒலிபெருக்கி. எனக்கு அது காரைக்குடிக் கல்யாண மண்டபத்தை மலைமேல் தூக்கி வைத்ததுபோல இருந்தது. மரங்கள் எல்லாம் மேடைக்குப் பின்னால் கட்டிய படுதா மாதிரி சும்மா நின்றன. "அப்ப நாமளே டென்ட் வாங்கிக்கிட்டுப் போய்க் காட்டுக்குள்ள போட்டுக்குவோம்" என்றான். அது நடக்காது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம்; தீ மூட்டுவது அதைவிடப் பெரிய குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. அவனுக்கு அந்தச் செய்தி நினைவிருந்தது. பேச்சு அதோடு நின்றது.

வனத்துறை விடுதிதான் என்று முடிவானதும் நான் டாப்ஸ்லிப் பெயரைச் சொன்னேன். கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுக்க வேண்டும் என்பது ஒரு காரணம். அசல் காரணம் வேறு. எங்கள் வீட்டு வளவில் நிற்கும் தூண்களெல்லாம் பர்மாத் தேக்கு. ஐராவதியில் தெப்பமாக மிதந்து ரங்கூனுக்கு வந்து, அங்கிருந்து கப்பலேறி வந்தவை. அந்தத் தூணில் சாய்ந்து வளர்ந்தவர்களில் தேக்கு மரம் கூட்டமாக நிற்பதைப் பார்த்தவர் எத்தனை பேர்? பர்மாவுக்குப் போக முடியாது, ஆனைமலைக்குப் போகலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பம்பாய்க் கப்பல்துறைக்குத் தேக்கு வெட்டிய காடு அது. மேலே வெட்டிய மரத்தைச் சரிவில் உருட்டிவிட்ட இடம்தான் இன்றைய டாப்ஸ்லிப்.

மாதம் குறிப்பதில்தான் இழுபறி. தை என்றால் காவடியும் கல்யாணங்களும். மாசி பிறந்தால் தேக்கு இலை உதிர்ந்து காடு காய்ந்து கிடக்கும், தீப்பிடிக்கும் காலம். ஆனி, ஆடியில் தென்மேற்கு மழையும் அட்டையும். மிச்சம் மார்கழி. அதிலும் பள்ளி விடுமுறைக்கு முன்பே போய்விட வேண்டும். விடுமுறை தொடங்கினால் அறை கிடைக்காது. ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் இணையதளத்தில் தம்பி மகன் அறை பிடித்தான். அவரவர் ஆதார் அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னான்.

பிறகு சாமான். எங்கள் வீட்டு ஆச்சி இரண்டு தகர டின் நிறையச் சீப்புச் சீடையும் மாவுருண்டையும் எடுத்து வைத்தார். ஸ்டவ், புளியோதரைக்குத் தூக்குச்சட்டி, ஜமுக்காளம், தலையணை. "அங்கே குரங்கு வரும், காட்டுப்பன்றி வரும், சாப்பாட்டு வாசனைக்கு எதுவும் வரும்" என்றேன். "வந்தா ரெண்டு சீடை போடுறது" என்றார். விலங்குகளுக்கு எதையும் போடக் கூடாது என்று புரியவைக்க அரை நாள் ஆனது. ஸ்டவ் நின்றது. பிளாஸ்டிக் பைகள் நின்றன. சீடை டின் ஒன்று, இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவுக்கு மாறி வண்டியேறியது. டார்ச், தொப்பி, மங்கல் நிறத் துணிகள், மாத்திரை, ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டில், இருட்டில் போட்டு நடக்க மூடிய செருப்பு: காட்டுக்கு உண்மையில் வேண்டியது அவ்வளவே.

வழி தெரிந்த வழிதான். பழனி வரைக்கும் காவடிப் பாதை. ஒவ்வொரு ஊரிலும் ஆச்சி, தான் நடந்து போன வருஷத்துக் கதையை எடுத்துவிட்டார். உடுமலை தாண்டிப் பொள்ளாச்சியில் சாப்பிட்டுவிட்டுச் சேத்துமடை சோதனைச் சாவடிக்கு நேரத்தோடு போய்விட்டோம். இந்தப் பயணத்தில் கறாராக இருக்க வேண்டியது இந்த ஒரு விஷயத்தில்தான். இருட்டிய பிறகு அந்தப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். ஊரிலிருந்து காலை பத்து மணிக்கு மேல் கிளம்பினால் அன்றைக்குக் காடு இல்லை, பொள்ளாச்சியில் லாட்ஜ்தான்.

மேலே போய் இறங்கியதும் புல்வெளி, அதில் புள்ளிமான், அதைச் சுற்றித் தேக்கு. எங்களோடு வந்த அண்ணனுக்கு மான் கண்ணில் படவில்லை. நேரே போய் மரத்தைத் தடவிப் பார்த்தார். இளந்தளிர் ஒன்றைக் கசக்கினால் கை சிவந்துபோகும் என்று அங்கிருந்த காவலர் காட்டினார். அவர் மலசர் குடும்பத்தைச் சேர்ந்தவர். காட்டைப் பற்றி நாங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது, கேட்காததற்கும் இருந்தது.

இந்தத் தேக்குகளில் பெரும்பகுதி ஒரு மனிதரின் பிடிவாதத்தால் வந்தவை. ஹ்யூகோ உட் என்ற ஆங்கிலேய வன அதிகாரி 1915 வாக்கில் இங்கே வந்தபோது மலை மொட்டையாகிக் கொண்டிருந்தது. அடியோடு வெட்டாமல் கட்டையை விட்டுத் துளிர்க்கவைக்கும் முறையைக் கொண்டுவந்தார். நடக்கும்போது கைத்தடியால் குழி குத்தி விதை போட்டுக்கொண்டே போவாராம். 1933-ல் இறந்தார். அவர் விரும்பியபடியே இங்கே, மரங்களுக்கு நடுவில் புதைத்திருக்கிறார்கள். நினைவுச்சின்னத்தைத் தேடுகிறவர் சுற்றிலும் பாருங்கள் என்ற பொருளில் லத்தீனில் ஒரு வரி கல்லில் இருக்கிறது. வெட்டி விற்ற அரசாங்கத்தின் சம்பளக்காரர் என்பதையும் மறக்க வேண்டியதில்லை. அவர் நட்டதும் விற்பனைக்குத்தான். இருந்தாலும் மரம் நிற்கிறது.

மறுநாள் கோழிக்கமுத்தி யானை முகாம். ஒரு காலத்தில் இந்த முகாம் யானைகளுக்குத் தேக்கு இழுப்பதுதான் வேலை. இப்போது கும்கி வேலை. பல ஊர்களுக்குப் போய்க் காட்டு யானைகளை மடக்கிய கலீம் என்ற யானை 2023-ல் ஓய்வுபெற்றது இங்கேதான். பாகன்கள் கேழ்வரகுக் கவளம் உருட்டுவதை ஆச்சி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "நம்ம மாவுருண்டையைவிடச் சுத்தமா பிடிக்கிறாக" என்றார்.

அண்ணன் ஒரு மரத்தைத் துண்டால் சுற்றி அளந்துவிட்டு வந்தார். "உட்துரை மரத்துக்கு நூறு வயசுன்னு வச்சுக்குவோம். பட்டையும் வெள்ளையும் போக இதுல வைரம் எவ்வளவு தேறும்? நம்ம வளவுத் தூண் ஒண்ணு வராது." நான் யோசித்துப் பார்த்தேன். வைரத்தை மட்டும் கடைந்தெடுத்து அந்தப் பருமன் வரவேண்டுமானால் பர்மாவில் விழுந்த மரங்கள் இவற்றைவிட எவ்வளவோ மூத்தவையாக இருந்திருக்க வேண்டும். செட்டிநாட்டு வீட்டை வருணிக்கிறவர்கள் கண்ணாடி, இத்தாலிக் கல், ஆத்தங்குடிச் சதுரக்கல் எல்லாவற்றையும் சொல்வார்கள். மரத்தின் வயதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அவ்வளவு வயதுள்ள மரம் பார்க்கப் பரம்பிக்குளம் போக வேண்டும் என்றார் காவலர். அங்கே கன்னிமாராத் தேக்கு நிற்கிறது. நானூறு வருஷத்துக்கு மேல் என்கிறார்கள், கட்டிப்பிடிக்க நாலைந்து பேர் வேண்டும். கேரளக் காடுதான், ஆனால் வண்டிப் பாதை டாப்ஸ்லிப் வழியாகத்தான். அங்கே வனத்துறையே கூடாரம் போட்டு வாடகைக்கு விடுகிறது என்றதும் தம்பி மகன் கைபேசியை எடுத்தான். நாங்கள் நின்ற இடத்தில் சிக்னல் இல்லை. அடுத்த மார்கழிக்கு ஊருக்குப் போய்ப் பதியலாம் என்றேன். போக வர ரெண்டு வாசலிலும் காசு கட்டணுமா என்று ஆச்சி கேட்டுக்கொண்டிருந்தார்.