சருகில் படுக்கிறவர்கள் – ஷராவதிக் கரையோரம் (5)

ஜோக் அருவியைச் சென்ற வாரமே முடித்துவிட்டேன். லிங்கனமக்கி அணை நிரம்பி வழியும் மாதங்களில்தான் அது அருவி. ஜனவரியில் ஈரம் கசியும் பாறைச்சுவர். நான் இந்தப் பக்கம் வந்ததே ஆறுமணிக் குருவிக்காக. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தில் தெற்கே இறங்கி வரும் பறவை அது. மழைக்கு முன் திரும்பிவிடும். விடியும்போதும் பொழுது சாயும்போதும் இரட்டைச் சீழ்க்கை அடித்துத் தன் இடத்தைச் சொல்லும். மற்ற நேரமெல்லாம் புதரடி நிழலில் சருகைப் புரட்டிப் புழுபூச்சி பொறுக்கும்.

தரையில் மேயும் பறவையைத் தரையிலிருந்துதான் படம் எடுக்க வேண்டும் என்பது எங்கள் கூட்டத்தில் எழுதாத சட்டம். நின்றுகொண்டு எடுத்தால் பறவையின் முதுகும் அதைச் சுற்றிய குப்பையும்தான் விழும். குப்புறப் படுத்து லென்ஸைச் சருகு மட்டத்துக்கு இறக்கினால் பறவையின் கண்ணுக்கு நேரே வந்துவிடுவோம். பின்னணி கரைந்து வெறும் நிறமாகிவிடும். பரிசு வாங்கும் பறவைப் படங்களைப் பார்த்தால், எடுத்தவரின் சட்டை எவ்வளவு அழுக்காகியிருக்கும் என்று ஊகித்துவிடலாம்.

தங்கியிருந்த வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னதும் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த விரல் நின்றது. பாக்குத் தோட்டக்காரர், அறுபதைத் தாண்டியவர். ஊரில் எல்லோரும் பட்டரே என்று கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே. பெங்களூரில் சில காலம் இருந்ததால் அவருக்குத் தமிழ் வரும்.

"படுத்துக்கிட்டா? சருகுலயா? இந்த மாசத்துலயா?"

"ஆமாம் பட்டரே."

"மே மாசம் முடிஞ்சு, நல்லா ரெண்டு மழை விழுந்தப்புறம் வாங்க சார். எங்க வேணும்னாலும் படுங்க."

மழைக்குப் பிறகு ஆறுமணிக் குருவி இங்கே இருக்காது. சிக்கலே அதுதான். பறவை வந்து தங்கும் மாதங்களும் உண்ணி கடிக்கும் மாதங்களும் இந்த வட்டாரத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக விழுகின்றன.

உண்ணி பூச்சியினம் அல்ல, சிலந்தி வகையறா. அதற்கு வாழ்நாளில் மூன்றே வேளைச் சாப்பாடு. மூன்றும் வேறு வேறு வீட்டில். ஆயிரக்கணக்கில் இட்ட முட்டையிலிருந்து ஆறு கால் குஞ்சு வரும். எலியோ தரைப்பறவையோ கிடைத்தால் ரத்தம் குடித்து விழுந்து, தோலுரித்து, எட்டுக் கால் இளம் உண்ணியாகும். இன்னொரு உடம்பு, இன்னொரு தோலுரிப்பு, வளர்ந்த உண்ணி. வளர்ந்தவை மழைக்காலத்தில் மாடுகள் மேலும் பெரிய விலங்குகள் மேலும் ஏறுகின்றன. நம்மைக் கடிப்பவை பெரும்பாலும் நடுப்பருவத்து இளம் உண்ணிகள். கசகசா அளவுதான் இருக்கும். நவம்பரிலிருந்து மே வரை அவற்றின் காலம்.

அது குதிக்காது, பறக்காது. சருகு விளிம்பிலோ புல் நுனியிலோ ஏறி, முன்னங்கால்களை விரித்துக்கொண்டு நிற்கும். அந்தக் கால்களில் ஹாலர் உறுப்பு என்ற நுண்ணிய குழி இருக்கிறது. மூச்சில் வரும் கரியமில வாயு, உடல் சூடு, வாடை எல்லாம் அதற்குப் பிடிபடும். நடந்து போகிற ஆள் ஒரு நொடியில் கடந்துவிடுவான். அசையாமல், முகத்தைத் தரையோடு வைத்து மணிக்கணக்கில் மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கும் புகைப்படக்காரன் தானே இலை போட்டுப் பரிமாறுகிறான்.

அரிப்போடு போகிற விஷயமென்றால் பட்டர் இவ்வளவு பேசியிருக்க மாட்டார். இதே சிவமொக்கா மாவட்டம், சொரபா வட்டம், கியாசனூர் காடு. 1957-இல் அங்கே குரங்குகள் செத்து விழுந்தன. சுற்றுக் கிராமங்களில் காய்ச்சல். புனாவின் வைரஸ் ஆராய்ச்சி மையத்திலிருந்து வந்தவர்களுக்கு முதலில் எழுந்த சந்தேகம் மஞ்சள் காய்ச்சல். ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் இருப்பது இந்தியாவுக்குள் நுழைந்துவிட்டதோ என்ற பயம். கிடைத்ததோ, ரஷ்யக் காடுகளில் உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு உறவான ஒரு புது வைரஸ். காட்டின் பெயரே நோய்க்கும் ஆனது. ஊர்க்காரர்களுக்கு அது மங்கன காயிலெ, குரங்கு நோய்.

இதில் பறவைக்காரர்களுக்கு ஒரு கிளைக்கதை உண்டு. ரஷ்யாவில் இருக்கும் வைரஸின் பங்காளி இந்த மலைநாட்டுக்கு எப்படி வந்தது? வலசைப் பறவைகள்மேல் சந்தேகம் விழுந்தது. உலக சுகாதார நிறுவனம் பணம் கொடுக்க, சாலிம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் பறவைகளைப் பிடித்து, உடம்பில் உண்ணி தேடி, காலில் வளையம் மாட்டிப் பறக்கவிட்டார்கள். பறவைகள்தான் கொண்டுவந்தன என்று நிறுவ முடியவில்லை. ஆனால் இந்த நாட்டில் பெரிய அளவில் பறவைக்கு வளையம் மாட்டும் வேலை அந்தக் காய்ச்சலின் தயவில்தான் சூடுபிடித்தது. கோடியக்கரையில் வளையக்கால் உள்ளான்களைத் தேடித்தேடிப் படமெடுக்கும் நம்மவர்கள் ஒருமுறை இந்தப் பக்கம் திரும்பிக் கும்பிடலாம்.

நோய்வாய்ப்பட்ட நாட்டுக்குரங்கோ மந்தியோ செத்தால் அதன் மேலிருந்த உண்ணிகள் இறங்கிச் சுற்றியுள்ள சருகில் பரவுகின்றன. அந்த இடம்தான் ஆபத்தின் நடு. அதனால் செத்த குரங்கைப் பார்த்தால் கிட்டே போகாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்ல வேண்டும் என்பது இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். நோயாளியிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. திடீர்க் காய்ச்சல், தலைவலி, எலும்பை முறிக்கும் உடல்வலி. சிலருக்கு ஈறிலும் மூக்கிலும் ரத்தம். நோய் கண்ட நூறு பேரில் 3 முதல் 5 பேர் வரை இறக்கிறார்கள். தனி மருந்து கிடையாது. பல ஆண்டுகளாகப் போட்டுவந்த தடுப்பூசியும் போதிய பலன் தராததால் 2022-இல் நிறுத்தப்பட்டது. கர்நாடகத்து நோய் என்று நாம் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. 2012-க்குப் பிறகு பந்திப்பூர், நீலகிரி, வயநாடு எல்லாம் வரைபடத்தில் சேர்ந்துவிட்டன. முதுமலைக்குக் கேமராவோடு போகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

நான் தங்கியிருந்த சாகர வட்டத்திலேயே இருக்கிறது அரளகோடு. 2019 தொடக்கத்தில் அங்கே பலர் இறந்தார்கள். அந்த ஊர்ப் பெயரைச் சொல்லும்போது பட்டர் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்.

இங்கே தோட்டம் எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. பாக்குத் தோட்டத்தை ஒட்டிய மேட்டில் சொப்பின பெட்ட என்ற காடு இருக்கும். தோட்டக்காரர் தழையும் சருகும் எடுத்துக்கொள்ளும் பழைய உரிமை அதன்மேல் உண்டு. கோடை நெருங்கும்போது பெண்கள் அங்கே சருகைக் கூட்டி, கூடைகூடையாகத் தலையில் சுமந்து வருகிறார்கள். அது மாட்டுத் தொழுவத்தில் விரிக்கப்பட்டு, சாணத்தோடு மக்கி, பாக்குமரத்தடிக்கு எருவாகப் போகும். நாம் மெல்லும் ஒவ்வொரு பாக்குக்குப் பின்னாலும் இப்படிச் சருகு அள்ளிய ஒரு கை இருக்கிறது.

அப்படிக் கூட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஆஷா பணியாளர் வீட்டுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போகும் எண்ணெயைக் கைகால்களில் பூசியிருந்தார். டெபா எண்ணெய் என்பார்கள். நம் ராணுவ ஆய்வு நிறுவனம் உருவாக்கிய பூச்சிவிரட்டி.

"பூசினா பிசுபிசுன்னு இருக்கு அண்ணா. வேர்த்தா கண்ணுல வழியுது. பாதி நாள் பூசறதில்ல" என்றார். பட்டர் மொழிபெயர்த்தார். பிறகு என் கேமராவைக் காட்டி அவர் கேட்டதைப் பட்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இதுக்கு உங்களுக்கு யாரு கூலி தர்றாங்கன்னு கேக்குறாங்க."

யாரும் தருவதில்லை. அவருக்கு உள்ள ஆபத்தில் ஒரு துளியை நான் காசு செலவழித்து வாங்க வந்திருக்கிறேன். அவர் கூலிக்குப் போகும் மாதத்தை அவர் தேர்ந்தெடுப்பதில்லை. எனக்கு மாதமும் உண்டு, படுப்பதா வேண்டாமா என்ற தேர்வும் உண்டு. எனவே படுப்பதில்லை என்று முடிவெடுத்தேன்.

கேமராவைத் தட்டையான தரைத்தாங்கியில் வைத்து, திரையை மேல்நோக்கி மடக்கினேன். நான் மட்டும் பக்கத்தில் வெயில் படும் செம்பாறையில், சருகு இல்லாத இடத்தில், பட்டர் வீட்டு மணையைப் போட்டு உட்கார்ந்தேன். வறண்ட வெயில் பாறையில் உண்ணி தங்காது. ஈரம் போனால் அது செத்துவிடும். பையைக் கீழே வைக்கவில்லை, மரத்திலும் சாய்க்கவில்லை. முக்காலியின் கொக்கியில் தொங்கவிட்டேன். உடம்புக்கு வெளிர்நிறக் கால்சட்டை, அதன் நுனி காலுறைக்குள். இலைதழை அச்சடித்த உருமறைப்பு உடையில் பறவைக்கு நாம் தெரியமாட்டோம் என்பது சரி. உண்ணி நமக்குத் தெரியாது என்பதும் சரி. ஆறுமணிக் குருவிக்கு உடுப்பைவிட அசைவுதான் பயம் என்பது என் அனுபவம்.

உடுப்பில் முதல் நாளே பெர்மெத்ரின் தெளித்து நன்றாகக் காயவைத்திருந்தேன். அது துணிக்கு மட்டும், தோலுக்கு இல்லை. காயும்வரை வீட்டுப் பூனையையும் அண்டவிடக் கூடாது. பூனைக்கு அது நஞ்சு. தோலுக்கு டீட் கலந்த பூச்சு. கேமரா வைத்திருப்பவர்கள் இதை மட்டும் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்: டீட் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் இளக்கும். அந்தக் கையோடு கேமராவைப் பிடித்தால் பிடிமான ரப்பர் பிசினாகி உங்கள் விரல்ரேகையை நிரந்தரமாக வாங்கிக்கொள்ளும். புறங்கையால் பூசுங்கள், அல்லது பூசியபின் உள்ளங்கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பாறையில் உட்கார்ந்த காலையில் முதலில் வந்தது சாம்பல் காட்டுக்கோழி. சேவல். திரையில் படத்தைப் பெரிதாக்கியபோது கண்ணைச் சுற்றிய சிவப்புத் தோலில் சாம்பல் நிறத்தில் பருத்த மணிகள், வரிசையாக. உண்ணிகள்தான். அலகு எட்டாத இடம் அது. பறவையால் கோதி எடுக்க முடியாது. ஒரு நண்பர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, மென்பொருளில் ஒரு நிமிடத்தில் துடைத்துவிடலாம் என்றார். துடைக்கவில்லை. உண்ணியில்லாத காட்டுக்கோழியை மலைநாட்டு ஜனவரியில் காட்டினால் அது பொய்.

ஆறுமணிக் குருவியும் வந்தது. மரகத முதுகு, அடிவயிற்றில் குங்குமம், சருகைப் புரட்டும் அந்த அவசரம். படம் கண் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே. எனக்குப் போதும்.

மாலையில் பட்டர் வீட்டுக் குளியலறையில், கொப்பரை நிறைய வெந்நீர். அதற்கு முன் ஒரு சோதனை: இடுப்புப் பட்டி, முழங்கால் மடிப்பு, தொடையிடுக்கு, அக்குள், காதுக்குப் பின்னால், பிடரி மயிர். கண்ணைவிட விரல் நுனி நன்றாகக் கண்டுபிடிக்கும். இடது முழங்காலுக்குப் பின்னால் ஒன்று தட்டுப்பட்டது. கடித்தது தெரியவே இல்லை. அதன் எச்சில் அந்த இடத்தை மரக்கச் செய்துவிடும்.

தீக்குச்சியைக் கொளுத்தி வைக்கச் சொன்னார் பட்டர். சுண்ணாம்பு என்றார் அவர் மனைவி. வாசலில் நின்ற டிரைவர் மண்ணெண்ணெய்க்கு ஓட்டுப் போட்டார். மூன்றுமே உண்ணியை மிரட்டி, அதன் வயிற்றிலும் வாயிலும் உள்ளதை நமக்குள் கக்கவைக்கக்கூடிய வழிகள். கூர்முனை இடுக்கியால் தோலோடு ஒட்டி, தலைப்பக்கத்தைப் பிடித்து, திருகாமல், வெடுக்கென்று இழுக்காமல், நேராக மேலே இழுக்க வேண்டும். அதன் வாயில் பின்நோக்கிய முட்கள் உண்டு, கொஞ்சம் வம்பு பண்ணும். வாய்த்துணுக்கு உள்ளேயே தங்கினாலும் தோண்டக் கூடாது. தோல் தானாகத் தள்ளிவிடும். பிறகு சோப்புக் கழுவல், கிருமிநாசினி. நகத்தில் நசுக்குகிற பழக்கம் வேண்டாம். வந்ததை ஒட்டுநாடாவில் ஒட்டி, மேலே தேதி எழுதினேன்.

தேதி எதற்கென்றால், கடித்து 3 முதல் 8 நாளுக்குள் காய்ச்சல் தலைகாட்டும். அதற்குள் நான் சென்னை திரும்பியிருப்பேன். அங்கே எந்த மருத்துவரும் முதலில் டெங்குவைத்தான் நினைப்பார். எந்த ஊரில் என்ன கடித்தது என்று நாம் சொன்னால்தான் உண்டு. சிவமொக்காவுக்கு பஸ் ஏற்றிவிடும்போது பட்டர் அதையே வேறு மாதிரி சொன்னார்: "காய்ச்சல் வந்தா குருவிப் படத்தைக் காட்டாதீங்க சார், அந்த ஒட்டுநாடாவைக் காட்டுங்க."

(அடுத்த வாரம்: ஆகும்பே)