வாடிக்கையாளர் இல்லாத சந்தை

‘மாங்கா’ என்றதும் உப்பும் மிளகாய்த்தூளும் நினைவுக்கு வந்து நம் நாவில் நீர் ஊறும். ஜப்பானியருக்கோ அச்சொல் சித்திரக்கதையைக் குறிப்பதாகும். அக்கதைகளில் தோய்ந்தவர்கள் ஒருவரையொருவர் கண்டு உரையாடுவதற்கென்றே ஆண்டுக்கு இருமுறை கூடும் சந்தை ஒன்று டோக்கியோவில் உண்டு. ‘காமிக் மார்க்கெட்’ என்பது அதன் பெயர்.

டோக்கியோ விரிகுடாவைத் தூர்த்து உருவாக்கிய அரியாக்கே பகுதிக்கு, ஓட்டுநர் இல்லாத ரயில் நம்மை இட்டுச் செல்கிறது. அங்கே நான்கு பிரமிடுகளைத் தலைகீழாக நிறுத்தியது போன்ற ‘பிக் சைட்’ மண்டபம் 1996 முதல் நிற்கிறது. ஆகஸ்டு வெயிலிலும் டிசம்பர்க் குளிரிலும் அதன் வாயிலில் மக்கள் வரிசை வரிசையாய்க் காத்திருப்பர். உள்ளேயோ நீண்ட மேசைகள். ஒரு குழுவுக்கு அரை மேசை. அதன்மேல் அவர்களே எழுதி, வரைந்து, அச்சிட்ட சிறு நூல்கள். தாம் விரும்பிய சித்திரக்கதை, அசைபடம், கணினி விளையாட்டு ஆகியவற்றைப் புகழ்ந்தும், குறைகூறியும், முடிந்த கதையை மேலும் வளர்த்தும் படைத்தவை அவை. எழுதியவர் மேசைக்கு அப்பால், படிப்பவர் இப்பால். பேச்சுக்குத் தடை ஏது?

இச்சந்தை பிறந்த வரலாறு சிந்திக்கத்தக்கது. 1975-இல், சித்திரக்கதை அன்பர்களின் மாநாடு ஒன்றைக் குறைகூறிய பெண்ணொருத்திக்கு அங்கே இடம் மறுக்கப்பட்டது. அதைப் பொறாத ‘மெய்க்யூ’ என்னும் திறனாய்வுக் குழுவின் இளைஞர்கள், எவருக்கும் கதவடைக்காத கூடம் ஒன்றைத் தாமே அமைக்க முற்பட்டனர். அவ்வாண்டு டிசம்பர் 21 அன்று, தோரானோமோனில் இருந்த தீயணைப்போர் மண்டபத்தில் 32 குழுக்களும் ஏறத்தாழ 700 பேரும் கூடினர். வந்தவருள் பெரும்பாலோர் பள்ளிச் சிறுமியர். 2019 டிசம்பரிலோ நான்கு நாள்களில் வருகை ஏறத்தாழ 7,50,000!

இத்துணைப் பெருகியும் ஒரு விதி மாறவில்லை. இங்கே ‘வாடிக்கையாளர்’ என எவரும் இல்லை. விற்பவர், வாங்குபவர், ஊதியமின்றி வரிசையை ஒழுங்குசெய்யும் தொண்டர் யாவரும் ‘பங்கேற்பாளர்’ என்றே அழைக்கப்படுகின்றனர்.

குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. சிறுவர் கைக்கு ஆகாத நூல்களும் அங்கே உள்ளன. அதன் பொருட்டு 1991-இல் மக்குஹாரி மண்டபம் இடந்தர மறுக்க, சந்தை ஹருமிக்குப் பெயர நேர்ந்தது. கதவைத் திறந்து வைப்பவர், உள்ளே வருவதற்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதை அவர்கள் அன்று உணர்ந்தனர். பெருந்தொற்றினால் 2020-இல் நடைபெறாது போன சந்தை, 2021 டிசம்பரில் மீண்டும் கூடியது.

நெடுங்காலம் இதற்குத் தலைமை தாங்கிய யொனெசாவா யொஷிஹிரோ 2006-இல் தம் 53-ஆம் வயதில் மறைந்தார். அவர் திரட்டிய நூல்களைக் கொண்டு 2009-இல் மெய்ஜி பல்கலைக்கழகம் டோக்கியோவில் அவர் பெயரால் நூலகம் திறந்தது. பலர் குப்பையென ஒதுக்கும் இதழ்களும் அங்கே பேணப்படுகின்றன.

மாலையில் சந்தை முடிந்ததென ஒலிபெருக்கி அறிவித்ததும், மண்டபம் முழுவதும் கரவொலி எழுகிறது. மேடையில் எவரும் இல்லை. ஒருவர் பேச மற்றவர் செவிகொடுத்ததற்காக, அனைவரும் அனைவரையும் பாராட்டுகின்றனர். அன்று வாயிலில் தடுக்கப்பட்ட அந்த ஒரு குரலுக்கு, இதனினும் சிறந்த மறுமொழி வேறு யாது?