பெட்டியில் கிடந்த கடிதம்

சென்ற ஆண்டு தை மாதத்தில், நாமக்கல்லை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு குடும்பத்தினர் திருமண ஓலை எழுத வந்திருந்தனர். மணமகளுக்கு வயது 20. கையொப்பமிடப் பேனாவை எடுத்தவள், சற்றே நிறுத்தி விரல்களை நீவிக்கொண்டாள்.

"காலையிலே விரல் மடங்குறதில்லைங்க சாமி."

"குளிருக்குங்க சாமி, வேறொண்ணுமில்லைங்க" என்று தாய் குறுக்கிட்டார்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே பங்கில் நான் பணியாற்றியபோது, புதுநன்மை வகுப்பில் முழந்தாளிட இயலாமல் அழுத சிறுமி அவள். குழந்தைப்பருவ மூட்டழற்சி என்றனர் மருத்துவர். 16 வயதிற்குமுன் தொடங்கி 6 வாரங்களுக்கு மேல் நீடிப்பது. வயது முதிர்ந்தோருக்கு வரும் தேய்மானம் அன்று. உடலின் காப்பு ஆற்றலே மூட்டுகளைத் தாக்கும் நோய். சிலருக்கு வலியோ சிவப்போ இன்றிக் கண்ணின் உட்புறத்தையும் அது தாக்கும். ஆதலின், நன்றாக நடக்கிறாளே என்று மருந்தையும் கண் பரிசோதனையையும் நாமாக நிறுத்திவிடலாகாது.

மருந்தினால் அவள் ஓடியாடினாள். நானும் வேறு பங்கிற்கு மாறிச் சென்றேன். அவள் வளர்ந்ததும், "இனிப் பெரியவர்களுக்கான மருத்துவரிடம் காட்டுங்கள்" என்று குழந்தை மருத்துவர் கடிதம் கொடுத்தார். அது 2 ஆண்டுகளாக டிரங்குப் பெட்டியில் கிடந்தது.

"வரன் பார்க்கிற நேரத்திலே ஆஸ்பத்திரி பைலோட அலைஞ்சா யாருங்க சாமி கட்டுவாங்க?" என்று தாய் விம்மினார். அவரைக் கடிந்துகொள்ள என் நா எழவில்லை. பத்தாண்டுகளாக மாத்திரையை எண்ணிக் கொடுத்தவர் அவரே. மகளுக்கோ தன் மருந்தின் பெயர்கூடத் தெரியாது.

பங்கு மாறும் குடும்பத்திற்குக் கடிதம் எழுதித் தருகிறோம். அடுத்த பங்குக் குரு அவர்களை வரவேற்கிறார். நோயுற்ற பிள்ளை ஒரு மருத்துவரிடமிருந்து மற்றொருவரிடம் மாறுகையில், "போய்ச் சேர்ந்தாளா?" என்று கேட்பவர் யார்? நானும் கேட்கவில்லை. இக்குறை எனதுமே.

இம்மாற்றம் ஒரே நாளில் நிகழ்வதன்று. வளரிளம் பருவத்தின் தொடக்கத்திலேயே அதற்கு ஆயத்தம் செய்க. இருதரப்பு மருத்துவரும் நேரடியாகத் தொடர்பு கொள்க என்று 2017-இல் வெளியான ஐரோப்பிய மருத்துவ வல்லுநரின் பரிந்துரைகள் கூறுகின்றன. நம் நாட்டிலோ பல மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவு 12 வயதோடு முடிந்துவிடுகிறது. எனவே வீட்டிலேயே தொடங்குவோம். மருந்தின் பெயரையும் அளவையும் பிள்ளை சொல்லப் பழகட்டும். கோப்பை அதன் கையிலேயே கொடுங்கள். மருத்துவரிடம் முதலில் அதுவே பேசட்டும்.

மணப்பருவத்தில் இவ்வறிவு இன்றியமையாதது. இந்நோய்க்குப் பெரிதும் வழங்கப்படும் மெத்தோட்ரெக்சேட், வாரம் ஒருமுறை மட்டும் உட்கொள்ளவேண்டியது. கருவுற்ற பெண் அதை உட்கொண்டால் கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு நேரும். ஆகவே கருத்தரிக்குமுன்பே மருத்துவரைக் கலந்து மாற்று மருந்து பெறவேண்டும். நோயை மறைத்து நடத்தும் திருமணத்தில் இதை யார் யாரிடம் சொல்வது?

இரண்டு நாள் கழித்து, பெற்றோரின் இசைவுடன் அவளே மணமகனிடம் அனைத்தையும் கூறினாள். அவர் நெடுநேரம் மௌனமாக இருந்தார். பின்னர், "எப்பங்க ஆஸ்பத்திரிக்குப் போகணும்?" என்றார். திருமணம் சில மாதங்கள் தள்ளிவைக்கப்பட்டது. பரிசோதனையில் ஒரு கண்ணின் பார்வை சற்று மங்கியிருப்பது தெரிந்தது. சிகிச்சை தொடர்கிறது.

அவர்களின் இசைவோடுதான் இதை எழுதுகிறேன். அன்புப் பெற்றோரே, உங்கள் இல்லத்துப் பெட்டியிலும் இத்தகைய கடிதம் கிடந்தால், இன்றே எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுங்கள்.