சிரமபரிகாரம்

தேகாப்பியாசம் என்றவுடன் தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் நம் நினைவுக்கு வருகின்றனவே தவிர, அவற்றைத் தொடர்ந்து வரவேண்டிய இளைப்பாறுதலும் அந்த அப்பியாசத்தின் ஓர் அங்கமே என்று கருதுகிறவர்கள் நம்மில் வெகு சிலரே. வைகறையில் எழுந்து ஓடும் பழக்கமுடைய ஒருவர், உடம்பு அசந்து கெஞ்சுகிற நாளிலும், ஓடாமலிருந்தால் ஏதோ விரதபங்கம் நேர்ந்துவிடும் என்று அஞ்சிக் காலணியை மாட்டிக்கொள்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அவருடைய சிரத்தையை மெச்சாமல் இருக்க முடியவில்லை, அந்தச் சிரத்தை அவருக்கே தீங்காக முடிகிறதே என்று வருந்தாமலும் இருக்க முடியவில்லை.

பழனி மலையில் படியேறி இறங்கிய எவருக்கும் நான் சொல்லப்போவது அனுபவத்தில் தெரிந்ததுதான். ஏறும்போது மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. இறங்கும்போதோ காற்று முகத்தில் பட, சிரமமே இல்லாததுபோல் கால்கள் தாமாகவே போகின்றன. ஆனால் மறுநாள் காலையில் தொடையின் முன்புறம் கல்லாக இறுகி, அதற்கடுத்த நாள் வலி உச்சத்தை எட்டி, வீட்டுத் திண்ணையிலிருந்து தெருவில் இறங்குவதற்குச் சுவரைப் பிடிக்க நேர்கிறதே, அந்த வலி பெரும்பாலும் ஏறியதனால் வந்ததன்று, இறங்கியதனால் வந்தது. ஒவ்வொரு படியிலும் உடலின் பாரத்தைத் தாங்குவதற்காகச் சுருங்க முயலும் தொடைத் தசை, அந்தப் பாரத்தினாலேயே நீட்டப்படுவதால், அதன் நுண்ணிய இழைகள் சில நைந்துபோகின்றன. நைந்ததைச் செப்பனிடும் காரியம் நாம் மலையை விட்டு வந்து படுத்த பிறகே முழுவீச்சில் நடக்கிறது. அது நடந்து முடிந்த தசையோ, சில வாரங்களுக்குள் மறுபடி அதே மலையிலிருந்து இறங்கினாலும் முன்போல் நோவதில்லை. உடம்பு பாடம் கற்றது படியில் அன்று, பாயில்தான்.

இதை இன்னும் துலக்கமாகக் காட்டிய பரிசோதனை ஒன்று ஸ்வீடன் தேசத்தில் நடந்தது. பெர்க்ஸ்ட்ரோம், ஹுல்ட்மன் என்ற இரு வைத்திய விஞ்ஞானிகள் 1966-ல் தங்கள் தேகங்களையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டு, நிலைச் சைக்கிளை ஒற்றைக் காலால் மட்டும் மிதித்து, அந்தக் கால் இனி அசையாது என்ற நிலை வரும்வரை உழைத்து, மற்றக் காலைச் சும்மா வைத்திருந்தார்கள். பிறகு மூன்று நாட்கள் மாவுச்சத்து மிகுந்த ஆகாரத்தை உண்டு, ஊசியால் இரு தொடைகளிலிருந்தும் தசைத் துணுக்குகளை எடுத்துச் சோதித்தபோது, உழைத்த காலில் கிளைக்கோஜன் என்னும் எரிபொருட் சேமிப்பு ஓய்ந்திருந்த காலைப்போல் ஏறத்தாழ இரு மடங்காகப் பெருகியிருந்தது. இரு கால்களிலும் ஓடியது ஒரே இரத்தம், இரண்டுக்கும் கிடைத்தது ஒரே சோறு. உழைக்காத கால் அதைக் கொண்டு பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. உழைத்த காலும் அந்த மூன்று நாள் அவகாசமும் ஊட்டமும் இல்லாமல் மறுபடி மிதித்திருந்தால் வெறுமையாகவே நின்றிருக்கும். உழைப்பு கேட்கிறது, ஓய்வு கொடுக்கிறது என்ற இந்த உறவை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் சோதனையை நான் அறியேன்.

நம் நாட்டு வைத்திய சாஸ்திரமும் இதை அறியாததன்று. அஷ்டாங்க ஹிருதயம் இயற்றிய வாக்படர், பலசாலியாகவும் நெய்ப்பான உணவு உண்பவனாகவும் இருப்பவன்கூடக் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் தன் சக்தியில் பாதியளவே வியாயாமம் செய்யவேண்டும் என்றும், மற்றக் காலங்களில் அதிலும் குறைக்கவேண்டும் என்றும், செய்து முடித்தபின் உடம்பெங்கும் இதமாகப் பிடித்துவிட வேண்டும் என்றும் விதிக்கிறார். அளவு மீறினால் தாகம், மூச்சிரைப்பு, இருமல், ஜுரம், க்ஷயம் ஆகியவை வரும் என்றும் எச்சரிக்கிறார். இன்று சாதனை வீரர்களைப் பயிற்றுவிப்பவர்கள், காலையில் படுக்கையை விட்டு எழுமுன் நாடியை எண்ணச் சொல்லி, அது வழக்கத்துக்கு மேலாகச் சில நாட்கள் தொடர்ந்து துடித்தால் பயிற்சியைத் தளர்த்துவதும், தூக்கம் கெடுவதையும் பசி மந்தப்படுவதையும் காரணமற்ற எரிச்சலையும் அபாயக் குறிகளாகக் கொள்வதும் அதே விவேகத்தின் வேறொரு வடிவமே. இரவின் முதல் ஆழ்ந்த உறக்கத்தில்தான் வளர்ச்சி ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கிறது என்பதை எண்ணினால், நள்ளிரவு வரை விழித்திருந்துவிட்டு விடியற்காலையில் பளு தூக்கச் செல்லும் இளைஞர்களிடம் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்குங்கள் என்று கையைப் பிடித்துச் சொல்லத் தோன்றுகிறது.

இந்த நியாயத்தை உடற்பயிற்சிக் கூடத்தோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. கட்டட வேலை செய்யும் சித்தாளைப் பார்த்து, "இவளுக்கு வேறு தேகப்பயிற்சி எதற்கு?" என்று சொல்கிறவர்கள் உண்டு. பகலெல்லாம் செங்கலும் கலவையும் சுமந்து, அந்தியில் வீடு திரும்பித் தண்ணீர் சுமந்து, அடுப்பு மூட்டி, யாவரும் உண்டபின் மிஞ்சியதை உண்டு, மறுநாள் விடியுமுன் எழுகிற அவளுக்கு, நைந்த இழைகள் கூடுவதற்கான அவகாசமும் இல்லை, அதற்கு வேண்டிய பருப்பும் பாலும் இல்லை. அவள் தேகம் சுமையினால் வலுப்பதில்லை. நாற்பது வயதுக்குள் முழங்காலும் இடுப்பும் தேய்கின்றன. அவளுக்குத் தேவை கூலி குறையாத வாரவிடுமுறையும், நடுப்பகலில் நிழலில் அமர ஒரு மணி நேரமும், வயிறு நிறைந்த உணவும். இவற்றைக் கொடுக்க வேண்டியவர் வேலை கொடுப்பவர்.