எட்டு இழைப் போர்வை

 

நாற்பத்தேழு வயதுடைய ஒரு மதரஸா ஆசிரியன், இரண்டு ஊசிகளையும் ஒரு நூலுருண்டையையும் மடியில் வைத்துக்கொண்டு போர்வை பின்னக் கற்ற கதையைச் சொல்லப் போகிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். முதலில் சிரித்தவர்கள் என் வீட்டார்தாம்.

நான் ஓதிக்கொடுப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். என் தாயார் ஏறத்தாழப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால், இராஜபாளையத்தில் என் தம்பியின் இல்லத்தில் இருக்கிறார்கள். வியாழன் மாலை பேருந்தேறிச் சென்று, வெள்ளிக்கிழமை முழுவதும் அவர்களோடு இருந்துவிட்டுத் திரும்புவது என் வழக்கம். அம்மா தம் பள்ளிப் பருவத்தில் கைவேலை வகுப்பில் பின்னல் கற்றவர்கள். எங்கள் குடும்பத்தில் பிறந்த ஒன்பது பேரப்பிள்ளைகளுக்கும் முதற்போர்வை அவர்கள் கையால் பின்னியதே.

என் மூத்த மகள் கருவுற்ற செய்தியைச் சொன்னபோது அம்மா இரு கைகளையும் ஏந்தித் துஆச் செய்தார்கள். பிறகு நெடுநேரம் பேசவில்லை. "இந்தப் பிள்ளைக்கு என்னால் பின்ன முடியாது, அத்தா" என்றார்கள்.

அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. வலக் கண்ணில் பார்வை அறவே இல்லை. இடக் கண்ணில் சாவித் துவாரத்தின் வழியே காண்பது போல் சிறிதளவு மட்டும். எத்தனை காலமாக என்று கேட்டால் புன்னகைதான் விடை. எவருக்கும் சிரமம் தரலாகாது என்று மறைத்திருக்கிறார்கள். வாரந்தோறும் அருகிலமர்ந்து உணவுண்ட மகனாகிய நான் அதைக் கவனிக்கவில்லை. இதை எழுதும்போதும் என் முகம் சுடுகிறது.

கண்புரையாக இருக்கும், அறுவை செய்தால் சரியாகிவிடும் என்றெண்ணி மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். புரையன்று, குளுக்கோமா. கண்ணினுள் நீரழுத்தம் மிகுந்து பார்வை நரம்பை மெல்ல அரித்துவிடும் நோய். பெரும்பாலோர்க்கு வலி இராது. ஓரப் பார்வை முதலில் மறைவதால் நோயாளிக்கே தெரியாது. போன பார்வை மீளாது. எஞ்சியிருப்பதை மருந்தால் காக்கலாம், அவ்வளவே. மருத்துவர் என் பக்கம் திரும்பி, "தாய்க்கு இருந்தால் மக்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். நாற்பதைத் தாண்டியவர் நீங்கள். உங்கள் கண்ணையும் பார்த்துவிடலாமே?" என்றார். பிறகு வருகிறேன் என்று சொல்லி வந்துவிட்டேன்.

அடுத்த வியாழனன்று அம்மா தலையணைக்கடியிலிருந்து ஊசிகளை எடுத்து நீட்டினார்கள். "நீ பின்னு. நான் தடவிப் பார்த்துச் சொல்கிறேன்."

கடைகளில் அடுக்கடுக்காய்ப் போர்வைகள் இருக்கின்றனவே என்றாள் என் மனைவி. இருக்கின்றன. ஆனால் அம்மா கேட்டது போர்வையை மட்டுமன்று என்பது அவளுக்கும் புரிந்தது. "வாரந்தோறும் பக்கத்தில் உட்காரப் போகிறவர் நீங்கள்தானே, நீங்களே கற்றுக்கொள்ளுங்கள்" என்று முடித்துவிட்டாள்.

உல்லன் நூல் எங்கள் ஊர் வெப்பத்துக்கு ஆகாது. பச்சிளம் மேனியில் வேர்க்குரு கிளம்பும். பருத்தி நூலுக்கோ இராஜபாளையத்தில் பஞ்சமில்லை. 1936இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா இராஜபாளையம் மில்லைத் தொடங்கிய நாள்தொட்டு நூற்பாலைகளின் ஊர் இது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி பல ஊர் மருத்துவமனைகளுக்குப் போகிறது. நூலை இங்கு நம்பர் சொல்லித்தான் வாங்குவார்கள். ஒரு பவுண்டு எடையில் 840 கஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனையோ அதுவே நம்பர். 20ஆம் நம்பரென்றால் ஒரு பவுண்டில் 16,800 கஜம். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். இந்தக் கணக்கை ஒரு நூல் வியாபாரி விளக்கியபோது, இவ்வூர்க் காற்றிலேயே வளர்ந்தும் இது தெரியாதிருந்தோமே என்று நாணினேன். 20ஆம் நம்பர் இரட்டை முறுக்கு நூலை எட்டு இழையாகச் சேர்த்து உருட்டச் சொன்னார்கள் அம்மா.

நுழை, சுற்று, இழு, விடு. பாடம் இந்த நான்கு சொற்களே. இடக்கை ஊசியிலுள்ள கண்ணிக்குள் வலக்கை ஊசியை நுழைத்து, நூலைச் சுற்றி, வளையமாக இழுத்து, பழைய கண்ணியை விடுவிக்க வேண்டும். 120 கண்ணிகள் ஏற்றினோம். இரண்டடி அகலம், இரண்டரையடி நீளம் வருவதற்கு ஏறத்தாழ 300 வரிசை. ஆக 36,000 முறை இந்நான்கு சொற்கள். ஓட்டை விழும் பூவேலை வேண்டாம், குழந்தையின் விரல் சிக்கும் என்றார்கள்.

நெசவில் பாவு பல இழை, ஊடை குறுக்கே ஓடும். ஓரிழை அறுந்தாலும் துணி நிற்கும். பின்னலில் ஒரே நூல்தான் முழுவதும். ஒரு கண்ணி நழுவினால் கீழே கீழே என்று ஏணி போல் இறங்கிவிடும். என் ஊசியோ எட்டிழையில் ஆறைப் பிடித்து இரண்டை விட்டது. பிடியின் இறுக்கத்தில் நூல் கிறீச்சிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எடுத்துச் சென்று, இஷாவுக்குப் பின் தனியே முயன்று, மறுவாரம் பெருமையோடு கொண்டுவந்தேன். அம்மா ஓரத்தை விரல்களால் அளந்தார்கள். "அகன்றுகொண்டே போகிறதே." எண்ணினால் 131. வரிசைத் தொடக்கத்தில் நூலை ஊசிக்கு மேலாகப் போட்டதால் இல்லாத கண்ணிகள் பிறந்திருந்தன! விரல்கள் நடுவே நின்றன. "இங்கே ஒன்று விழுந்திருக்கிறது. பிரி."

ஒரு வாரத்து உழைப்பு! எனக்குச் சட்டென்று ஸூரத்துந் நஹ்லின் 92ஆம் வசனத்தில் வரும், நூற்றதைத் தானே பிரித்துப் போட்ட பெண்ணின் நினைவு வந்தது. அதைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். அம்மா விடவில்லை. "அது சத்தியத்தை முறிப்பவர்களுக்குச் சொன்னது என்று நீதானே எனக்கு ஓதிக் காட்டினாய்? தவறைப் பிரிப்பதும் அதுவும் ஒன்றா?" பிரித்தேன்.

இங்கே வேறொன்றையும் சொல்லியாக வேண்டும். என் மதரஸாவில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன். எழுத்துக்களைத் தனித்தனியே சொல்வான். சேர்த்து ஓதச் சொன்னால் திகைத்து நிற்பான். ஒரே பக்கத்தில் மூன்று வாரம். பிறர் முன்னிலையில் ஒருநாள் கடுமையாகப் பேசிவிட்டேன். அவன் வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள். ஆறாம் நாள் அவன் வீட்டுக்குப் போனேன். தந்தை விசைத்தறித் தொழிலாளி. அவரிடம் என்ன சொல்வதென்று தெரியாமல், "பையனை அனுப்பி வையுங்கள், பிழை என்னுடையது" என்றேன். அவர் பதறிவிட்டார், ஹஜ்ரத் அப்படிச் சொல்லலாமா என்றார்.

மறுநாள் அவன் எல்லோருக்கும் முன்பாக வந்துவிட்டான். நான் திண்ணையில் அறுந்த இழையொன்றோடு போராடிக்கொண்டிருந்தேன். கிதாபுகளுக்கடியில் ஒளித்து வைத்துக்கொண்டு போகும் இரகசியம் அன்று அம்பலமாயிற்று. பையன் சற்று நேரம் பார்த்தான். "கொடுங்க ஹஜ்ரத்" என்று வாங்கி, இரு நுனிகளையும் விரலிடுக்கில் குறுக்காக வைத்து ஒரு திருகுத் திருகினான். கடுகளவு முடிச்சு. தறிக்காரர் முடிச்சு. எப்படி என்றேன். மெதுவாகச் செய்து காட்டினான். எனக்கு வரவில்லை. மீண்டும் காட்டினான். ஏழாவது முறைதான் வந்தது. அதுவரையில் அவன் முகம் சுளிக்கவே இல்லை.

ஆண்பிள்ளைக்கு இது தகுமா என்று கேட்பவர்களுக்கு, வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன் என்ற உரிமையில் ஒரு சொல். பழம்பின்னல் துணிகளில் இன்று நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் எகிப்தின் முஸ்லிம் ஆட்சிக் காலத்துப் பருத்திக் காலுறைகள் முக்கியமானவை. அவுரி நீலமும் வெள்ளையுமாய்ச் சிலவற்றில் அரபு எழுத்து வடிவங்களே பின்னப்பட்டுள்ளன. ஸ்பெயினில் 1275இல் இறந்த கிறிஸ்தவ இளவரசர் பெர்னாண்டோவின் கல்லறையில் கிடைத்த பட்டுப் பின்னல் தலையணையுறையின் ஓரத்தில் 'பரகத்' என்னும் அரபுச் சொல் இருக்கிறது. முஸ்லிம் கைவினைஞரின் வேலை அதுவென்பர் ஆய்வாளர். பிற்கால ஐரோப்பாவில் பின்னல் தொழிற்சங்கங்கள் பெரும்பாலும் ஆடவர் கையில்தான் இருந்தன. பெரு நாட்டின் தக்கீலே தீவில் இன்றும் ஆண்கள் பின்னுகிறார்கள். இதையெல்லாம் என் தம்பியிடம் விரிவாகச் சொன்னேன். அவன், "சரி அண்ணே, எனக்கும் ஒன்று பின்னிக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

பிரித்துப் பின்னி, மறுபடி பிரித்துப் பின்னி, மூன்று மாதம் சென்றது. கை தளர்ந்து பழகப் பழக அம்மாவோடு பேசவும் முடிந்தது. ஹிரா குகையிலிருந்து நடுங்கியவர்களாக வந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு அன்னை கதீஜா (ரலி) அவர்கள் போர்த்திவிட்டதைப் பலமுறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அம்மா அதைக் கேட்டுவிட்டு, "போர்வை கேட்டதும் ஏன் என்று கேட்காமல் போர்த்தினார்களே, அதைச் சொல்" என்றார்கள். இருபது ஆண்டுகளில் அதை நான் சொன்னதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, "கண்ணை மூடிக்கொண்டு பின்னு" என்றார்கள். ஏனம்மா என்றேன். "பழகி வை." அதற்கு மேல் அவர்களும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மறுவாரமே கண் மருத்துவரிடம் போனேன். என் கண்களிலும் அழுத்தம் மிகுதி. நரம்பு இன்னும் கெடவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஒவ்வோர் இரவும் கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்து, வாழ்நாள் முழுவதும்.

மலையடிவாரத்துக் குளிர் இறங்கும் மார்கழியில் பேத்தி பிறந்தாள். இரண்டரைக் கிலோவும் கொஞ்சமும். தூங்கும் குழந்தையின் மேல் தளர்வாகப் போர்வையைப் போட்டு வைக்கலாகாது, மூக்கை மூடும். கையில் ஏந்தும்போது சுற்றிக்கொள்ளுங்கள் என்றார் செவிலி. அப்படியே சுற்றி அம்மாவின் மடியில் வைத்தோம். குழந்தையின் நெற்றியைத் தடவியவர்கள் பிறகு போர்வையைத் தடவினார்கள். விரல்கள் ஓரிடத்தில் நின்றன. எனக்குத் தெரியும், 212ஆம் வரிசை. ஒரு கண்ணியில் ஓரிழை விட்டுப் போயிருந்தது. பிரிக்கச் சொல்வார்களோ என்று பார்த்தேன். விரல்கள் நகர்ந்து போய்விட்டன.

இப்போது தம்பியின் போர்வை நடக்கிறது. ஆறடி. சென்ற வியாழன் இரவு மின்சாரம் போயிற்று. விளக்கு தேடி எழப்போன என்னை அம்மா, "எங்கே போகிறாய்? எந்த வரிசையில் இருக்கிறாய்?" என்றார்கள். நாற்பத்தொன்று என்றேன். "முடித்துவிட்டுப் போ" என்றார்கள்.