தாத்தா வச்ச சிவப்புப் புள்ளி



அன்னதானப் பட்டியல், உபயதாரர் பேரு, திருவிழாவுக்குக் கார் எங்க நிறுத்தணும் இதையெல்லாம் எழுதுற நான் இன்னிக்கு ரேடியோ பத்தி எழுதுறேன். பொறுத்துக்குங்க. கோயில் மைக் செட்டையும் ஆம்ப்ளிஃபயரையும் பாக்குற ஆள்னு தெரிஞ்சதால, கொஞ்ச நாளா பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவும் கைக்கு வருது. பெரும்பாலும் அலமாரி மேல இருந்து இறங்கி வர்ற செட்டுங்க. தூக்கிப் போடவும் மனசு வராது, பாடவும் பாடாது.

எல்லாம் தோட்டத்துக் காலத்துச் சாமான். லயத்து வீட்டுல கரண்ட் இல்லாத நேரத்துலயும் பேட்ரியில பாடினது. 1954ல அமெரிக்காவுல முதல் டிரான்சிஸ்டர் ரேடியோ கடைக்கு வந்துச்சு, அடுத்த வருஷமே ஜப்பான்காரன் ஒண்ணு விட்டான். அறுபதுகள்ல நம்ம பக்கமும் நிறைய வந்திருச்சு. அப்ப ரேடியோவுக்கு லைசென்ஸ் பணம் கட்டணும், பெரியவங்களைக் கேட்டா சொல்வாங்க.

போன மாசம், வெள்ளிக்கிழமை பூஜைக்குத் தவறாம வர்ற ஒரு பாட்டி, பேரனோட ஒரு பழைய பிலிப்ஸ் செட்டைக் கொண்டு வந்தாங்க. தாத்தா மரம் சீவின சம்பளத்துல வாங்கினது. தாத்தா தவறிப்போய் பல வருஷம் ஆச்சு. பேரன் நல்ல பிள்ளை. "அங்கிள், உள்ள இருக்கிறதை எல்லாம் எடுத்துட்டு புளூடூத் போர்டு வச்சிருங்க, பாட்டி போன்ல இருந்து பாட்டு கேக்கலாம்"னான். இப்ப நிறைய பேரு இப்படித்தான் செய்றாங்க. எனக்கு அது பிடிக்காது. அது பழைய பெட்டிக்குள்ள புது ஸ்பீக்கர், அவ்வளவுதான். பாட்டி ஒண்ணும் சொல்லல. "கோலாலம்பூர் கேக்குமா தம்பி?"ன்னு மட்டும் கேட்டாங்க.

திறந்து பாத்தேன். பேட்ரி தகடு பச்சை பூத்துக் கிடந்துச்சு, சுரண்டித் துடைச்சாச்சு. எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் எல்லாம் உள்ள காய்ஞ்சு போயிருந்துச்சு. கே.எல். ஜாலான் பாசார்ல புதுசா வாங்கி மாத்தினேன், ரொம்ப செலவில்ல. அப்பவும் ஊமை. காரணம் ஏஎஃப்117ங்கிற டிரான்சிஸ்டர். அந்தக் காலத்து ஐரோப்பிய செட்டுல இது சாதாரணம். உலோகக் குப்பிக்குள்ள வருஷக்கணக்குல தகரத்துல இருந்து முடி மாதிரி மெல்லிசா இழை முளைக்கும். அது போய் உள்ள இருக்கிற காலைத் தொட்டா ஷார்ட். நாலு காலுல ஒண்ணு குப்பியோட சேந்த எர்த் கால். அதை வெட்டி விட்டா பெரும்பாலும் உயிர் வந்திரும். இதுவும் வந்துச்சு. கரகரன்னு ஒரு சத்தம்.

ஆனா சத்தம் வந்தா வேலை முடிஞ்சதா ஆகாது. யாரோ முன்னாடி உள்ள இருக்கிற சின்ன டப்பாக்களோட திருகை எல்லாம் இஷ்டத்துக்குத் திருகி வச்சிருந்தாங்க. அலைன்மென்ட் கெட்டுப்போச்சு. ரேடியோ எந்த ஸ்டேஷனைப் பிடிச்சாலும் அதை ஒரே அலைவரிசைக்கு மாத்தித்தான் உள்ள பெருசாக்கும். ஜப்பான் செட்டுல அது 455 கிலோஹெர்ட்ஸ், இந்தச் செட்டோட படத்துல 452ன்னு இருந்துச்சு. டப்பா எல்லாம் அந்த ஒரே சுருதிக்கு நிக்கணும். நாதஸ்வரமும் ஒத்தும் சேர்ற மாதிரின்னு வச்சுக்குங்க.

சிக்னல் ஜெனரேட்டர்ல இருந்து 452 கொடுத்து, கடைசி டப்பாவுல ஆரம்பிச்சு முன்னாடி வரணும். சிக்னல் ரொம்ப லேசா இருக்கணும். பலமா கொடுத்தா ரேடியோ தானே சத்தத்தைக் குறைச்சிக்கும், உச்சம் எதுன்னு தெரியாது. இரும்பு ஸ்க்ரூ டிரைவரை விடக்கூடாது. பிளாஸ்டிக் குச்சிதான். இரும்பு பக்கத்துல போனாலே அளவு மாறும், எடுத்தா மறுபடி ஓடிப்போகும். திருகும் உடையும், உடைஞ்சா அந்த டப்பா போச்சு.

அப்புறம் டயல். 600ல வச்சுக் காயிலைத் திருகணும், 1500ல வச்சு ட்ரிம்மரைத் திருகணும். கீழ சரி பண்ணினா மேல நகரும், மேல சரி பண்ணினா கீழ நகரும். ரெண்டு மூணு சுத்து போனாத்தான் முள் சொல்ற இடத்துல ஸ்டேஷன் இருக்கும். ஆன்டெனா கம்பியில இருக்கிற காயிலையும் அப்படியே நகர்த்தி, கடைசியா ஒரு சொட்டு மெழுகு. எனக்கு ரெண்டு ராத்திரி ஆச்சு.

டயல் கண்ணாடியைத் துடைக்கப் போறப்போதான் பாத்தேன், நகப்பூச்சு மாதிரி சின்னதா ஒரு சிவப்புப் புள்ளி. தமிழ் வர்ற இடத்துக்கு தாத்தா வச்ச அடையாளமாம். அவருக்கு எண்ணு படிக்கத் தெரியாது. நான் அதைத் தொடல. சுத்தி மட்டும் துடைச்சேன்.

பாட்டிகிட்ட உள்ளதைச் சொல்லிட்டேன். "பாட்டி, நம்ம தமிழ் ஸ்டேஷன் இப்ப எஃப்எம்ல இருக்கு. இந்தச் செட்டுல எஃப்எம் கிடையாது. ரேடியோ நல்லா இருக்கு, ஆனா அந்தப் புள்ளியில இப்ப ஒண்ணும் வராது." கொஞ்ச நேரம் பேசல. பேரன் என்னையப் பாத்தான்.

அர்த்தஜாமப் பூஜை முடிஞ்சு மண்டபத்துல லைட்டெல்லாம் அணைச்சாச்சு. ஃபேனும் டியூப் லைட்டும் ஓடினா மீடியம் வேவ்ல இரைச்சல் தாங்காது. ராத்திரி ஆனா தூரத்து ஸ்டேஷன் வானத்துல பட்டுத் திரும்பி வரும், பகல்ல வராது. முள்ளை நகர்த்தினேன், தாய் மாதிரி ஒரு பாஷை, அப்புறம் எங்கேயோ ஒரு பாட்டு, மங்கலா. பாட்டி என் கையில இருந்து வாங்கி, ரேடியோவை மெதுவா கால் வட்டம் திருப்பினாங்க. பாட்டு தெளிவாச்சு. ஆன்டெனா கம்பி உள்ள படுத்திருக்குது, திசை பாத்துத்தான் வாங்கும். இதை நான் படம் பாத்துப் படிச்சேன். பாட்டி, "உங்க தாத்தா இப்படித்தான் திருப்புவாரு"ன்னு பேரன்கிட்ட சொல்லிட்டு, முள்ளைக் கொண்டு போய் அந்தப் புள்ளியில வச்சாங்க. வெறும் உஸ்ஸுன்னு சத்தம். அதையே கொஞ்ச நேரம் கேட்டுட்டு அணைச்சாங்க.

புளூடூத் வேணாம்னு அவங்களே சொல்லிட்டாங்க. தினமும் கேக்க பேரன் தனியா ஒரு சின்ன எஃப்எம் ரேடியோ வாங்கிக் கொடுத்திருக்கான்.

உங்க வீட்டுலயும் இந்த மாதிரி இருந்தா சனிக்கிழமை சாயந்திரம் மண்டபத்துக்குப் பின்னாடி கொண்டு வாங்க. கூலி வேணாம், சாமான் காசு மட்டும். முதல்ல பேட்ரியைக் கழட்டிருங்க. திருகு எதையும் திருகிப் பாக்காதீங்க. கரண்ட்ல ஓடுற வால்வு ரேடியோ மட்டும் வேணாம், உள்ள 200 வோல்ட்டுக்கு மேல இருக்கும், கோயில்ல பிள்ளைங்க ஓடியாடுற இடம்.